ராவணனை எரிக்கும் ஊர்: டெல்லி தசராக் குறிப்புகள்

செப்டம்பர் 29, 2025, திங்கள்: தித்தர்பூர்

டாகோர் கார்டன் மெட்ரோவில் இறங்கினால் யாரிடமும் வழி கேட்க வேண்டாம். நடைபாதை நெடுக ராவணன் தலைகள் கிடக்கின்றன. சில தலைகளுக்குக் கண் இல்லை, சிலவற்றுக்கு மீசை இல்லை. மெட்ரோ பாலத்தின் நிழலில் வெறும் மூங்கில் கூடாக நிற்பது கும்பகர்ணனா மேகநாதனா (நம் இந்திரஜித்) என்று கேட்டால், செய்கிறவரே தோளைக் குலுக்குகிறார். முகம் ஒட்டும் நாளில்தான் பெயர். மேற்கு டெல்லியின் இந்தப் பகுதி தசராவுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே ராவணச் சந்தையாகிவிடுகிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், பீகார், ஹரியானாவிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். மற்ற மாதங்களில் இவர்களுக்குக் காய்கறி வண்டி, கல்யாணப் பந்தி, ரிக்‌ஷா என்று ஏதோ ஒரு பிழைப்பு.

விலை அடிக்கணக்கில். பேச்சு 600 ரூபாயில் ஆரம்பித்து 500-இல் நிற்கிறது. மீசை பெரிதாக வேண்டுமென்றால் கூடுதல். எல்லோரும் பெரிதாகத்தான் கேட்கிறார்கள். காலனிப் பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கும் 5 அடி ராவணனிலிருந்து, மைதானக் கமிட்டிகள் சொல்லிவைத்துச் செய்யும் 40, 50 அடி வரை உண்டு. அதற்கும் மேலே போனால் மூங்கில் மட்டும் தாங்காது, உள்ளே இரும்புச் சட்டம் வேண்டும். இந்த வருடம் ராஜஸ்தானின் கோட்டாவில் 220 அடிக்கும் அதிகமாக ஒன்று எழும்புவதாகச் சொல்லி, ஒரு கைவினைஞர் உதட்டைப் பிதுக்கினார். "அது ராவணன் இல்லை பாபுஜி, கட்டடம்."

செய்முறை இது. அசாமிலிருந்து கட்டுக்கட்டாக வரும் மூங்கிலை ஒரு விரல் அகலத்துக்குப் பிளந்து சிம்பு எடுக்கிறார்கள். சிம்பில் ஈரம் இருக்கும்போதே வளைத்துவிட வேண்டும். காய்ந்ததை வளைத்தால் முறியும், முறிந்த முனை கையைக் கிழிக்கும். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேரின் விரலில் துணி சுற்றியிருந்தது. வளைத்த சிம்புகளை வளையங்களாக்கி, பெரியது கீழே சிறியது மேலே என்று அடுக்கி, நெடுக்காக வேறு சிம்புகளை வைத்து, குறுக்கே படும் ஒவ்வொரு இடத்திலும் கட்டுக்கம்பியால் முறுக்குகிறார்கள். இந்த முறுக்கில்தான் வேலையின் உயிர் இருக்கிறது. ஓரிடத்தில் தளர்ந்தால் தூக்கி நிறுத்தும்போது அந்த வளையம் நசுங்கி, அதற்கு மேலுள்ளதெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

பாவாடைப் பகுதி, மார்பு, கைகள், தலை எல்லாம் தனித்தனி. டெம்போவில் ஏற்றி மைதானத்தில் போய்த்தான் பொருத்துவார்கள். கூட்டின் மேல் முதலில் பழைய சேலைத் துணியை இறுக்கிச் சுற்றுகிறார்கள்; எடைக்கு வாங்கியது. அதன் மேல் காகிதம். ஒட்டுவதற்கு மைதாப் பசை, அதில் கொஞ்சம் மயில்துத்தம். மயில்துத்தம் சேர்க்காத பசையை எலியும் பூச்சியும் ராத்திரியோடு ராத்திரியாகத் தின்றுவிடும். ஒரு நாள் முழு வெயிலில் காய்ந்தபின் தட்டினால் மேளத்தோல் மாதிரி சத்தம் வர வேண்டும். அப்புறம்தான் வண்ணக் காகிதம், ஜிகினா, கத்தரித்த சரிகை.

பத்துத் தலைகளால் ஒரு சிக்கல் வருகிறது. நடுத்தலை போக மீதி ஒன்பது. ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் ஐந்து என்று வைத்தால் எடை ஒரு பக்கம் இழுக்கும். அதனால் பக்கத்துக்கு நாலாக எட்டை வைத்துவிட்டு, மிஞ்சிய ஒன்றை உச்சியில் கிரீடத்தின் மேல் வைக்கிறார்கள். அது பல பொம்மைகளில் கழுதைத் தலை. எடைக் கணக்குக்கு எடைக் கணக்கும் ஆச்சு, அவமானத்துக்கு அவமானமும் ஆச்சு.

கண் ஒட்டுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம். 40 அடி ராவணனுக்குக் கண் ஒரு முழ அகலம். வெள்ளைக் காகித வட்டத்தின் நடுவில் கருவிழியை வைத்தால் அவன் வானத்தைப் பார்ப்பான், கீழே நிற்கும் யாரையும் பார்க்க மாட்டான். அதனால் விழியை வட்டத்தின் கீழ் விளிம்புக்கு இறக்கி ஒட்டுகிறார்கள். கூட்டத்தில் எங்கே நின்றாலும் தன்னையே முறைக்கிறான் என்று தோன்ற வேண்டும். பயப்பட முடியாத எதிரியைக் கொன்று என்ன சந்தோஷம்! கோபத்தை அளவெடுத்து, வெட்டி, ஒட்டுகிற வேலை இது. ஒட்டுகிறவர் முகத்தில் கோபமில்லை. பல்லில் ஒரு துண்டுக் கம்பி.

எரிக்கவென்றே இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்வதில் வருத்தமில்லையா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். "எரியாவிட்டால்தான் வருத்தம். பாதி முன்பணம், பாதி அப்புறம். சரியாக எரியாத ராவணனுக்கு மீதிக் காசு கையில் வருவதற்குள் தீபாவளி வந்துவிடும்."

சாப்பாடு: நவராத்திரியானதால் சாலையோரத்திலும் விரதத் தட்டு. குட்டு (பக்வீட் என்னும் விரதத் தானியம்) மாவுப் பூரி, ஜவ்வரிசிக் கிச்சடி, இந்துப்பு போட்ட உருளைக்கிழங்கு, தயிர். 150 ரூபாய். வெங்காயம் தேடுகிறவர்கள் நாலு தெரு நடக்க வேண்டும்.

செப்டம்பர் 30, செவ்வாய்: மழை

அஷ்டமி. காலையில் வீடுகளில் சிறுமிகளை உட்காரவைத்துக் கால் கழுவி, பூரியும் கறுப்புக் கொண்டைக்கடலையும் ரவை அல்வாவும் கொடுத்து, கையில் பத்தோ இருபதோ வைத்து அனுப்புகிறார்கள். தட்டோடு வீடு வீடாக ஓடும் பிள்ளைகளின் குஷியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். விடுதிக்காரரின் அம்மா, கேட்காமலேயே ஒரு தொன்னை அல்வாவை நீட்டினார். "தேவி பிரசாதம் பேட்டா, வேண்டாமென்று சொல்லக் கூடாது."

பிறகு மழை பிடித்துக்கொண்டது. இந்த மாதக் கடைசியில் இப்படி ஊற்றும் என்று தித்தர்பூர் நினைக்கவில்லை. போய்ப் பார்த்தபோது தெரு முழுக்கப் பிளாஸ்டிக் தாள் விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்திருந்தார்கள். செங்கல் போதாத இடத்தில் மனிதர்களே மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நனைந்தால் என்ன ஆகும்? மூங்கிலுக்கு ஒன்றும் ஆகாது. மைதாப் பசை இளகும், காகிதம் தொப்பை விழும், சிவப்புச் சாயம் மஞ்சளில் இறங்கும். மேலே இருக்கும் வண்ணத்தாளை மட்டும் உரித்து மறுபடி ஒட்டினால் ஒரு நாள் வேலை. அடிக்காகிதமும் ஊறிவிட்டால் துணி வரைக்கும் உரித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு வெயில் வேண்டும், வெயில் இல்லை. சூட்டடுப்பு வைத்துக் காயவைக்கவும் முடியாது. ஒரு பொறி பறந்தால் தெருவே போய்விடும். மின்விசிறி வைத்தார்கள். மூன்று மேகநாதர்களுக்கு நடுவே ஒரு மேசை விசிறி தலையாட்டிக்கொண்டிருந்தது.

நம் பக்கத்தில் மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். வைக்கோலும் துணியும் அடைத்த பொம்மையைத் தெருத்தெருவாக இழுத்துப்போய், பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்து, ஊர் எல்லையில் எரிப்பது. பாவி செத்தால் மழை வரும் என்பது நம்பிக்கை. ஆனால் அந்தப் பாவிக்கும் ஒப்பாரி உண்டு. சாவு என்றால் சாவுக்குரிய முறை. பங்காளிச் சண்டையில் பத்து வருடம் பேசாதவர்களும், 'நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போயாகணும்' என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிற ஊர்கள் அவை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கண்ணுக்கு, ஒருவன் சாவதைப் பார்க்க டிக்கெட் போட்டு நாற்காலி விரிப்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். காகிதம்தானே என்று சொல்லிக்கொண்டாலும் உறுத்தல் போவதில்லை.

அக்டோபர் 1, புதன்: பிஸ்ரக்

கிரேட்டர் நொய்டா மேற்கில், இருபது மாடி அடுக்ககங்களுக்கு நடுவே சிக்கிக்கொண்ட கிராமம். அந்தப் பக்கம் மெட்ரோ கிடையாது. நொய்டா செக்டர் 52-இல் இறங்கி, ஷேர் ஆட்டோவும் ஈ-ரிக்‌ஷாவுமாக மாற வேண்டும். 'ராவணன் கோயில்' என்று சொன்னால் ஓட்டுநருக்குப் புரிகிறது. இறங்கும் இடத்தில் முழங்கால் வரை சேறு, நேற்றைய மழையின் மிச்சம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது.

ராவணன் பிறந்த ஊர் இதுதான் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. அவன் தந்தை விஸ்ரவஸ் பெயரால் ஊருக்குப் பெயர் வந்தது என்கிறார்கள். விஸ்ரவஸ் பூசித்ததாகச் சொல்லும் எட்டுப் பட்டை லிங்கம் கோயிலில் இருக்கிறது. இந்த ஊரில் ராமலீலா என்னும் ராமாயண நாடகம் நடத்துவதில்லை, பொம்மை எரிப்பதில்லை. எப்போதோ நடத்திப் பார்த்ததில் சாவு விழுந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கதைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, ஆனால் முடிவு எல்லாவற்றிலும் ஒன்றுதான். ராமன் மேல் இவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. சந்தித்த முதல் ஆளே 'ராம் ராம்' என்றுதான் வணங்கினார். "ராமன் கடவுள். ராவணன் எங்கள் ஊர்ப் பிள்ளை. பிள்ளை தப்புச் செய்தான், தண்டனை கிடைத்தது. அதற்காக வீட்டுக்காரர்கள் கைதட்ட முடியுமா, பையா?"

ஊர்ப்பிள்ளை என்றால் உறவு ஊர்களும் இருக்க வேண்டுமே. மத்தியப் பிரதேசத்து மந்தசௌரில் அவன் வீட்டு மருமகன். மண்டோதரி பிறந்த ஊர் அதுவாம். அங்குள்ள ராவணன் சிலைக்கு முன்னால் பெண்கள் இன்றும் முக்காடு இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள், மாப்பிள்ளைக்குக் காட்டும் மரியாதை.

எல்லாம் இவ்வளவு சாந்தமாகவும் இல்லை. 2016-இல் இந்தக் கோயிலில் ராவணனுக்குச் சிலை வைக்க ஏற்பாடு நடந்தபோது, வெளியிலிருந்து வந்த கும்பல் சிலையை உடைத்துப் போட்டது. வருடத்துக்கு ஒருமுறை எரித்தால் போதவில்லை, ஒரு மூலையில்கூட அவன் நிற்கக் கூடாது என்ற கோபம்.

மறுபக்கக் கோபத்தையும் சொல்ல வேண்டும். 1974 டிசம்பர் 25 அன்று சென்னையில் மணியம்மையார் தலைமையில் திராவிடர் கழகம் 'ராவண லீலா' நடத்தி, ராமன், சீதை, லட்சுமணன் உருவங்களை எரித்தது. டெல்லி ராமலீலாவுக்குப் பதிலடி. வாதம் புரிகிறது: உன் பண்டிகையில் எரிவது என் பாட்டன் என்றால், உனக்கு அது எப்படியிருக்கும் என்று காட்டுவது. ஆனால் எரிக்கும் முறை அதேதான், தலை மட்டும் மாறியது. அந்த மூங்கிலுக்கும் மைதாப் பசைக்கும் கொள்கை வித்தியாசம் தெரிந்திருக்காது.

நவமி என்பதால் கோயில் வாசலில் பூரி, கடலை. காசு வாங்கவில்லை. தண்ணீர் பாட்டில் மட்டும் 20 ரூபாய்.

அக்டோபர் 2, வியாழன்: விஜயதசமி

இந்த வருடம் தசராவும் காந்தி ஜெயந்தியும் ஒரே நாள். மதுக்கடைகள் மூடல்.

பெரிய மைதானங்களை விட்டுவிட்டு மேற்கு டெல்லியில் ஒரு காலனி மைதானத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. செங்கோட்டைத் திடலில் பிரமுகர் வரிசைக்குப் பின்னால் நின்றால் கிரீடம் மட்டும்தான் தெரியும். பொம்மையை நிறுத்துவதைப் பார்க்க வேண்டுமென்றால் காலை 10 மணிக்கே சின்ன மைதானத்துக்குப் போக வேண்டும்.

நிறுத்துவது இப்படி. இடுப்பளவுக்குக் குழி, அதில் ஒரு கனத்த மூங்கில் தூண். பாவாடைப் பகுதியைத் தரையில் படுக்கவைத்து அதன் மேல் மார்பைச் செருகி, கம்பி முறுக்கி, தலையையும் பூட்டிய பிறகுதான் கயிற்றால் தூக்குகிறார்கள். 40 அடிக்குப் பன்னிரண்டு பதினைந்து பேர் வேண்டும், இல்லாவிட்டால் கிரேன். நாலு திசைக்கும் இழுகயிறு கட்டி முளை அடிக்கிறார்கள். காற்று வரும் பக்கம் கயிறு இரட்டையாக இருக்க வேண்டும். பக்கத்தில் மின்கம்பி போனால் அந்த இடத்தையே விட்டுவிட வேண்டும். தித்தர்பூரிலிருந்து பொம்மையோடு வந்த உஸ்தாத் (தலைமைக் கைவினைஞர்) ஒவ்வொரு முளையையும் காலால் உதைத்துப் பார்த்தார். மழையில் ஊறிய மண். இரண்டு முளை ஆடியது. பிடுங்கி இரண்டடி தள்ளி அடித்தார்கள்.

மதியத்துக்கு மேல் மறுபடி மழை. கிழக்கு டெல்லியில் ஒரு மைதானத்துக்குப் பிரதமர் வருவதாக இருந்ததும் மழையால் நடக்கவில்லை. இங்கே மூன்று பொம்மைகளும் நின்றுவிட்டன, இனி எதைப் போட்டு மூடுவது? கும்பகர்ணனின் வயிற்றுக் காகிதம் தொங்கிப்போய் உள்ளே சேலை தெரிந்தது, நீலப் பூப்போட்ட சேலை. ராவணனின் ஒரு கன்னத்துச் சாயம் கழுத்துவரை ஒழுகிவிட்டது. கூட்டத்தில் யாரோ "அழுகிறான், அழுகிறான்" என்று கத்த, பெரிய சிரிப்பு.

மேடையில் தொகுப்பாளர் காந்திக்கு ஒரு வரி சொன்னார். விளம்பரதாரர்களுக்கு ஆறேழு வரி.

பட்டாசுக்கு டெல்லியில் தடை இருந்ததால் ஒலிபெருக்கியில் வெடிச்சத்தம் போடப்போவதாக அறிவித்தார்கள். அப்படியும் உள்ளே சரம் இருந்தது என்பது பின்னால் எல்லோர் காதுக்கும் தெரிந்தது. பற்றவைப்பதற்கு மேடையிலிருந்து ராவணன் தொப்புள்வரை ஒரு கம்பி, அதில் ராமபாணமாக ஒரு வாணம். ராமன் வேடக்காரர் வில்லை வளைக்கும் நொடியில் ஒருவர் மேடைக்குக் கீழே திரியைக் கிள்ளுவார். வாணம் புறப்பட்டது. மழையில் கயிறுகள் இளகியதில் பொம்மை ஓரடி முன்னால் சாய்ந்திருந்தது, கம்பி தொய்ந்துவிட்டது. பாணம் பாதி வழியில் நின்று, அங்கேயே சீறி அணைந்தது. இரண்டாவது முறையும் அதே. கடைசியில் உஸ்தாத் நீண்ட மூங்கிலில் எண்ணெய்த் துணி சுற்றிக் கொளுத்திக்கொண்டு போய்க் காலில் வைத்தார்.

ஈரப் பொம்மை கீழிருந்து எரிந்தால் இதுதான் சிக்கல்: கால் போய்விடும், தலை அப்படியே இருக்கும். தீ மேலே ஏறுவதற்குள் அடிப்பகுதி பலமிழந்து உடம்பு முன்பக்கமாக விழும். இந்த ராவணனும் கூட்டத்தை நோக்கித்தான் விழுந்தான். தடுப்பு நல்லவேளையாகப் போதிய தூரத்தில் இருந்தது. பொம்மையின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரம் விட வேண்டும் என்பது உஸ்தாத் சொல்லும் கணக்கு. பல கமிட்டிகள் நாற்காலிகளுக்காக அதில் பாதியைத் தின்றுவிடுகின்றன.

தீயிலிருந்து பின்வாங்கும் கூட்டம் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. 2018 அக்டோபர் 19 அன்று அமிர்தசரஸில் ஜோடா பாட்டக் அருகே அதுதான் நடந்தது. மைதானத்தை ஒட்டிய தண்டவாளத்தின் மேல் நின்று பார்த்தார்கள். பொம்மை எரிந்தது, வெடிச்சத்தத்தில் ரயில் வரும் சத்தம் கேட்கவில்லை. ஏறத்தாழ 60 பேர் செத்தார்கள்.

ராவணன் விழுந்ததும் தடுப்பை முறித்துக்கொண்டு ஓடினார்கள். பாதி எரிந்த மூங்கில் துண்டை வீட்டுக்கு எடுத்துப்போனால் நல்லது என்று நம்பிக்கை. கம்பி, ஆணி, வெடிக்காத சரம் எல்லாம் கலந்த சாம்பலில் வெறுங்கையால் துழாவினார்கள். ஒரு பெரியவர், "மாதாஜி, அதை விடுங்கள், சுடும்" என்று ஒரு பாட்டியைத் தடுத்துவிட்டு, தன் பையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டார்.

அடுத்த பத்து நிமிடத்தில் எல்லோரும் ஜிலேபிக் கடையில். கால் கிலோ 100 ரூபாய். தசராவுக்கு ஜிலேபி வழக்கம். சூடாக, மொறுமொறுவென்று, மழைக் குளிருக்கு நன்றாகவே இருந்தது.

சாவுக்கு இனிப்பு என்பதுதான் தொண்டையில் நிற்கிறது. காந்தி கொல்லப்பட்டபோது இனிப்பு வழங்கிக் கொண்டாடியவர்கள் இருந்ததை வல்லபாய் படேல் 1948 செப்டம்பரில் எழுதிய கடிதம் சொல்கிறது. 2009 மே மாதம் போர் முடிந்த செய்தி வந்ததும் கொழும்புத் தெருக்களில் பட்டாசு வெடித்துப் பாற்சோறு பரிமாறினார்கள். அந்தப் படங்களைப் பார்த்த எந்தத் தமிழனுக்கும், அவன் யார் பக்கம் இருந்தவனாக இருந்தாலும், அந்தச் சோறு நினைவில் இருக்கும். அங்கே பரிமாறியவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. குண்டுக்குப் பயந்து பேருந்தில் ஏறியவர்கள் அவர்கள், பயம் தீர்ந்த நிம்மதி அவர்களுக்கு. ஆனால் நிம்மதியை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். தெருவுக்குக் கொண்டுவந்து பங்கு வைக்கும்போது, அதே தெருவில் இழவு வீடும் இருக்கிறது.

காகித ராவணனோடு நின்றால் பரவாயில்லை. அவன் தலையில் வேறு முகங்கள் ஏறுகின்றன. மூன்று பொம்மைகளோடு நாலாவதாக ஊழல், பயங்கரவாதம், 2020-இல் கொரோனா என்று வைப்பது பழகிவிட்டது. இந்த வருடம் இந்தூரில் ஓர் அமைப்பு இன்னும் ஒருபடி போய், கணவனைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட பெண்களின் முகங்களை வைத்துச் சூர்ப்பணகை பொம்மை எரிக்கக் கிளம்பியது. தீர்ப்பு வராத வழக்குகள், உயிரோடிருக்கும் பெண்கள். ஒருவரின் தாய் நீதிமன்றம் போனார், மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் தடுத்துவிட்டது. முகத்தை அச்சடித்து ஒட்டுவதற்கு இன்று கைவினைஞரே வேண்டாம், ஃபிளெக்ஸ் கடை போதும்.

யுத்த காண்டத்தில் ராவணன் விழுந்த பிறகு ஒரு காட்சி வருகிறது. தம்பி விபீடணனே ஈமக்கடன் செய்யத் தயங்குகிறான். பகை சாவோடு முடிந்தது, இனி அவன் உனக்கு எப்படியோ அப்படியே எனக்கும், செய்ய வேண்டியதைச் செய் என்று ராமன் சொல்கிறான். கொன்றவனே சொல்கிறான். இந்த மைதானத்து நாடகத்தில் அந்தக் காட்சி வரவில்லை. பாணம் விட்டதும் பாட்டு, பாட்டு முடிந்ததும் குலுக்கல் பரிசு.

அக்டோபர் 3, வெள்ளி: மைதானம், மண்டி

காலையில் மைதானத்தில் பழைய இரும்புக்காரர்கள். கட்டுக்கம்பியைச் சாம்பலிலிருந்து காந்தத்தால் இழுத்துச் சாக்கில் கட்டுகிறார்கள். கரியேறிய கம்பிக்குப் பாதி விலைதான் என்றாலும், மூன்று பொம்மைக் கம்பி கணிசமான எடை. மழையில் ஊறிய காகிதம் யாருக்கும் வேண்டாம், மாநகராட்சி வண்டிக்குக் காத்திருக்கிறது.

தித்தர்பூரில் விற்காமல் நின்றவை நிறைய. மழையைப் பார்த்து முந்தின நாளே பல காலனிகள் வாங்காமல் விட்டுவிட்டன. 10 அடி ராவணனை நேற்று சாயங்காலம் 1,500 ரூபாய்க்குக் கூவியும் போகவில்லையாம். அவற்றைப் பிரித்து, முறியாத சிம்பை மட்டும் கட்டி வைக்கிறார்கள். தீபாவளிக்கு ஆகாசக் கூண்டு விளக்குக் கட்ட உதவும். தலையைப் பிரிப்பது நேரத்தைத் தின்கிற வேலை என்பதால் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடினார்கள்.

நேற்றைய உஸ்தாத் டீக்கடையில் இருந்தார். மீதிக் காசு வந்ததா என்று கேட்டதற்கு, "பாணம் போய்ச் சேரவில்லை என்று இரண்டாயிரம் பிடித்துவிட்டார்கள். பாணமும் கம்பியும் அவர்கள் வேலை, என் வேலை ராவணன். ராவணன் எரிந்தானா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்" என்றார். எரிந்தான் என்று சாட்சி சொன்னதில் டீக்குக் காசு வாங்கவிடவில்லை.

அடுத்த வருடம் விஜயதசமி அக்டோபர் 20. போகிறவர்களுக்கு: மண்டியைப் பார்க்கத் தசராவுக்கு ஒரு வாரம் முன்னால் போங்கள், கடைசி இரண்டு நாளில் யாருக்கும் பேச நேரமிருக்காது. மைதானத்தில் பொம்மையைத் தாண்டிக் காற்று போகும் பக்கம் நிற்காதீர்கள், புகையும் பொறியும் அங்கேதான் வரும். பின்னால் சுவரோ ரயில் பாதையோ இல்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். பருத்தித் துணி உடுத்துங்கள், நைலான் வேண்டாம். பிஸ்ரக் போக அரை நாள் ஒதுக்குங்கள், சேறு இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட.